கூண்டு முதலில், பறவை பிறகு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இந்தக் காட்சியை எந்த வாரமும் பார்க்கலாம். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை, பச்சையும் மஞ்சளும் நீலமுமாகக் கீச்சிடும் லவ் பேர்ட்ஸ் கூட்டத்தின் முன் நின்றுவிடும். பேரம் முடியும். ஒரு ஜோடி அட்டைப் பெட்டிக்குள் போகும். அதற்கப்புறம்தான் "கூண்டு ஒண்ணும் குடுங்க" என்ற பேச்சே வரும். அடுக்கி வைத்திருப்பதில் சின்னதாக, வண்டியில் வைத்துக்கொண்டு போக வசதியாக ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு நிமிடத்தில் முடிவான அந்தக் கூண்டுக்குள்தான் அந்தப் பறவைகள் அடுத்த ஐந்தாறு வருடங்களைக் கழிக்கப்போகின்றன.

என் முதல் கூண்டும் அப்படி வந்ததுதான். வெள்ளை பெயிண்ட், மேலே கோபுரம் மாதிரி ஒரு கூம்பு, கீழே நீல பிளாஸ்டிக் தட்டு. மூன்றாவது மாதம், ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், பெண் பறவை மூலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கக் கம்பிகளைக் கட்டுக்கம்பியால் முறுக்கிய யாரோ, முனையை நறுக்காமல் உள்பக்கமாக மடக்கிவிட்டிருந்தார்கள். ஒரு நெல் நீளம்கூட இருக்காது. அதில் நகம் மாட்டி, ராத்திரி முழுக்க இழுத்துப் பார்த்திருக்கிறது. உயிர் பிழைத்தது. ஒரு விரல் போய்விட்டது. அன்றிலிருந்து எந்தக் கூண்டைப் பார்த்தாலும் என் கண் முதலில் கம்பி முனைகளைத்தான் தேடுகிறது.

இந்த அத்தியாயத்தில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கையில் இருக்கும் காசு கொஞ்சமாக இருந்தால், அதை நீளத்திலும் கம்பியிலும் கதவுக் கொக்கியிலும் போடுங்கள். மற்றதெல்லாம் வீட்டிலும் தோட்டத்திலும் கிடைத்துவிடும்.

யாருக்கான கூண்டு?

நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது பட்ஜெரிகர் என்ற சிறு கிளி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் கூட்டம் கூட்டமாகப் பறந்து திரிவது. 1840இல் ஜான் கோல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், பிறகு உலகம் முழுக்க வீட்டுப் பறவையாகிவிட்டது. உண்மையான லவ் பேர்டை நம் கடைகளில் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் என்பார்கள். இவற்றோடு தலையில் கொண்டையுள்ள காக்டெயில், சின்னஞ்சிறு பிஞ்சஸ், ஜாவா குருவி. பெரும்பாலான வீடுகளில் வளர்வது இவைதான், இந்த அத்தியாயமும் இவற்றுக்குத்தான்.

நம் ஊர்ப் பச்சைக்கிளி, மைனா, சில்லை ஆகியவற்றுக்கு எந்தக் கூண்டும் சரியான கூண்டு அல்ல. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். கிளி சோசியக்காரர் வைத்திருக்கிறாரே என்பது பதிலாகாது. வெளிநாட்டுப் பறவைகளிலும், ஆப்பிரிக்கன் வகைகளில் ஃபிஷர் போன்ற சிலவற்றை அரசிடம் பதிவு செய்துதான் வைத்திருக்க வேண்டும். வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூண்டு செய்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம், அலகு. பட்ஜெரிகரும் காக்டெயிலும் ஆப்பிரிக்கனும் வளைந்த அலகுக்காரர்கள். கம்பியை அலகால் கவ்வித்தான் ஏறுவார்கள், கிடைத்ததைக் கடிப்பார்கள். மரச்சட்டமும் பிளைவுட்டும் அவர்களிடம் நாள்பட நிற்காது. பிஞ்சஸ், ஜாவா இரண்டும் நேர் அலகு. கடிக்கும் பழக்கம் இல்லை. அவற்றுக்கு மரச்சட்டம் போட்ட கூண்டோ மூங்கில் கூண்டோ போதும்.

நீளம்

கூண்டு வாங்குபவர்கள் உயரத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். பறவை குறுக்கேதான் பறக்கும். ஒன்றேகால் அடி அகலத்தில் நாலடி உயரக் கூண்டு பார்க்கப் பெரிதாக இருக்கும். உள்ளே இருப்பதற்குச் சிறகு விரிக்க இடம் கிடையாது, கம்பியைப் பிடித்து ஏறி இறங்க வேண்டியதுதான். பட்ஜெரிகர் சிறகை விரித்தால் ஏறக்குறைய ஒரு அடி வரும். ஒரு குச்சியிலிருந்து எதிர்க் குச்சிக்கு இரண்டு மூன்று தடவையாவது சிறகடித்துப் போக வேண்டாமா?

ஒரு ஜோடி பட்ஜெரிகருக்கோ நாலு பிஞ்சஸுக்கோ 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதை என் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறேன். இரண்டடி நீளத்தில் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்தப் பறவைகள் உயிரோடு இருக்கும், ஆனால் பறக்காது. காக்டெயில் வாலோடு சேர்த்து ஒரு அடிப் பறவை, அதற்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் வேண்டும்.

வட்டக் கூண்டு வேண்டாம். மேலே போகப் போகக் கம்பிகள் நெருங்கி, கூம்பில் ஒன்றுசேரும் இடம் கால் விரல் சிக்குவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். பயந்தால் ஒதுங்க ஒரு மூலையும் அதில் கிடையாது.

கம்பி

பறவை நோயில்லாமல் இருக்குமா என்பதைப் பெருமளவு கம்பிதான் தீர்மானிக்கிறது, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இடைவெளி. பட்ஜெரிகருக்கும் பிஞ்சஸுக்கும் அரை இஞ்சுக்கு மேல் போகக் கூடாது. தலை நுழைந்தால் உடல் நுழையாமல் கழுத்து மாட்டிக்கொள்ளும், அப்படிச் செத்த குஞ்சுகளைப் பார்த்திருக்கிறேன். கடையில் அளவுகோல் இல்லையென்றால் இரண்டு பென்சில்களைச் சேர்த்துப் பிடித்துக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்தக் கூண்டை வைத்துவிடுங்கள். காக்டெயிலுக்கு முக்கால் இஞ்ச் வரை போகலாம்.

ஹார்டுவேர் கடையில் வெல்டு மெஷ் என்று கேளுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் பற்றவைத்த சதுரக் கண் வலை அது. "அரைக்கு அரையா, ஒண்ணுக்கு அரையா?" என்று கேட்பார். பிஞ்சஸ் என்றால் அரைக்கு அரைதான். பட்ஜெரிகருக்கு இரண்டும் ஓடும். அடுத்து "எந்த கேஜ்?" என்பார். கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். 14 கேஜ் என்றால் 2 மி.மீ., 16 கேஜ் ஏறத்தாழ 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. பிஞ்சஸுக்கு 18 போதும், பட்ஜெரிகருக்கு 16, காக்டெயிலுக்கும் ஆப்பிரிக்கனுக்கும் 16 அல்லது 14. விலை குறைகிறதே என்று கோழி வலைக்குப் போய்விடாதீர்கள். முறுக்கிப் பின்னிய அந்த அறுகோண வலை கையால் அழுத்தினாலே வளையும், முறுக்குக்குள் நகம் மாட்டும், எலியை நிறுத்தாது.

இரண்டாவது, துத்தநாகம். ஜி.ஐ. கம்பி துருப்பிடிக்காமல் இருக்க மேலே துத்தநாகம் பூசியிருப்பார்கள். புதுக் கம்பியில் அது அங்கங்கே பிசிறாகவும் சொட்டாகவும் ஒட்டியிருக்கும், மழைபட்டால் வெள்ளைப் பொடியாகப் பூக்கும். கம்பியைக் கவ்வி ஏறும் கிளி வகைகள் அதை நக்கியும் கடித்தும் விழுங்கிவிடுகின்றன. துத்தநாகம் உடலில் சேர்ந்தால் பறவை சோர்ந்து உட்காரும், தண்ணீரை மாளாமல் குடிக்கும், எச்சம் பச்சையாகத் தண்ணீராகப் போகும், சமயத்தில் இறந்தும்விடும். "புதுக் கூண்டு மாத்தினேன், ஒரு வாரத்துல போச்சு, ராசியில்ல" என்று சொல்பவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்கிறேன்: கம்பியைக் கழுவினீர்களா?

மளிகைக் கடை வினிகரும் ஒரு கெட்டி பிரஷ்ஷும் போதும். சம அளவு தண்ணீர் கலந்து, வலையை வெட்டி வளைக்கும் முன்பே இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிசிறுகள் உதிர்வது கைக்கே தெரியும். கட்டியாக நிற்பதை அரத்தால் ராவிவிடுங்கள். நன்றாக அலசி, மொட்டை மாடியில் சில வாரம் வெயிலிலும் மழையிலும் கிடக்கட்டும். பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாக மங்கியபின், இன்னொரு முறை கழுவிவிட்டு வேலையைத் தொடங்கலாம். இதனால் ஆபத்து வெகுவாகக் குறையும், அடியோடு போய்விடாது. காசு இருந்தால் 304 தரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலைக்குப் போங்கள், இந்தக் கவலையே வேண்டாம். பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்; எனாமல் பெயிண்ட் உரியும், உரிந்ததையும் கடிக்கும்.

ரெடிமேடாக வாங்கினால்

நேரமில்லாதவர்கள் வாங்கத்தான் வேண்டும். கடையில் கூச்சப்படாமல் கூண்டைக் கீழே வைத்து, கதவைப் பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள். மேலே தூக்கும் கதவு என்றால் பிடி நழுவினால் கத்திபோல் இறங்கும், பறவையின் கழுத்து அடியில் இருந்தால் முடிந்தது. கிளி வகைகள் அதைத் தாமே தூக்கவும் பழகிக்கொள்ளும். கம்பியைக் கட்டைவிரலால் இரண்டு பக்கமும் தள்ளுங்கள், அகன்று கொடுத்தால் அது வேண்டாம். பவுடர் கோட்டிங் என்றால் ஒரு மூலையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், உரிந்தால் அதுவும் வேண்டாம். பழைய கூண்டு மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், தவறில்லை. முன்பு இருந்த பறவைக்கு என்ன ஆனது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சோப்பு போட்டுக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி, நல்ல வெயிலில் காயவையுங்கள். மரக் குச்சிகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

நாமே செய்தால்

3 அடிக் கூண்டைச் செய்ய வெல்டிங் தெரிய வேண்டியதில்லை. 3 அடி அகல ரோலில் எட்டரை அடி வாங்குங்கள், முழு அடியாகத்தான் வெட்டுவேன் என்றால் 9 அடி. கட்டிங் பிளேயர், அரம், ஒரு நீள மரச்சட்டம், சுத்தியல், வீட்டில் இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு மதியம் போதும்.

ஆறடியைத் தனியே வெட்டுங்கள். அதை ஒன்றரை அடிக்கு ஒரு மடிப்பாக மூன்று மடிப்பு மடித்தால் மேல், முன், கீழ், பின் என்று நாலு பக்கமும் ஒரே துண்டில் வந்துவிடும், மூட்டு ஒன்றே ஒன்றுதான். டேப்பைவிடக் கண்களை எண்ணுவது துல்லியம்: அரை இஞ்ச் வலையில் ஒன்றரை அடி என்றால் 36 கண். மடிக்கும் இடத்தில் மரச்சட்டத்தை வைத்து ஒருவர் அதன்மேல் ஏறி நிற்க, மற்றவர் வலையை உள்ளங்கையால் தூக்கி வளைத்து, சுத்தியலால் ஓரம் தட்ட வேண்டும். அடுத்து ஒன்றரை அடித் துண்டை வெட்டி, அதை நடுவில் பாதியாக்கினால் இரண்டு பக்கவாட்டுச் சதுரங்கள். மிச்சமுள்ள ஒரு அடித் துண்டில் கதவுகள்.

வெட்டுவதில் ஒரு சங்கதி இருக்கிறது. வலையைக் குறுக்கே வெட்டும்போது ஒரு பக்கம் ஓரக் கம்பியோடு மொழுக்கென்று வரும், மறுபக்கம் வரிசையாகச் சீப்பு மாதிரி முட்கள் நிற்கும். அந்த முட்களை அடுத்த குறுக்குக் கம்பியை ஒட்டி ஒவ்வொன்றாக நறுக்கி, அரத்தால் ராவ வேண்டும். சலிப்பான வேலைதான். மூன்றடிக்கு எழுபது முனைக்கு மேல் வரும். அதில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பக்கங்களை இணைக்க சி ரிங் என்ற வளையமும் அதற்கான பிளேயரும் கிடைக்கும். அது இல்லாவிட்டால் மெல்லிய ஜி.ஐ. கம்பியால் இரண்டு இஞ்சுக்கு ஒன்றாகக் கட்டலாம். முறுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். நறுக்கிய முனையை வெளியிலேயே படுக்க மடக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் டை வேண்டாம். வெயிலில் நொறுங்கும், கிளி கடித்துவிடும்.

முன்பக்கம் 10 கண்ணுக்கு 10 கண், அதாவது 5 இஞ்ச் வாசல் ஒன்று. தீனி வைக்க அது போதும். முட்டையிடும் பானையும் குளிக்கும் தட்டும் போய்வர, பக்கவாட்டில் 8 இஞ்சில் இன்னொன்று. கதவு வாசலைவிட ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் பெரிதாக இருக்கட்டும். கீலை மேலே வைத்துக் கட்டினால் கைவிட்டதும் கதவு தன் எடையில் தானே மூடிக்கொள்ளும், மறதிக்காரர்களுக்கு இதுதான் பாதுகாப்பு. கொக்கிக்கு நாய்ச் சங்கிலியின் முனையில் இருக்கும் ஸ்பிரிங் கொக்கி நன்று. காக்டெயில் எத்தனையோ தாழ்ப்பாளைத் திறந்து நான் பார்த்துவிட்டேன், அதைத் திறந்து பார்த்ததில்லை.

நாலு மூலையிலும் செங்கல் வைத்துக் கூண்டை மேலே ஏற்றினால், அடியில் தகரத் தட்டோ பிளாஸ்டிக் தட்டோ நழுவி வரும். அதில் நாளிதழ் விரியுங்கள், தினமும் மாற்றுங்கள். மாற்றும்போது எச்சத்தைப் பாருங்கள், நோயின் முதல் செய்தி அங்கேதான் வரும்.

உள்ளே

கடையில் தரும் பிளாஸ்டிக் குச்சி ஒரே தடிமனாக வழவழப்பாக இருக்கும். அதிலேயே வருடக்கணக்கில் நின்றால் பாதத்தின் ஒரே இடம் அழுந்திப் புண்ணாகும். வேம்பு, கொய்யா கிளைகளை வெட்டிக் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். ஓரிடத்தில் விரல் தடிமன், ஓரிடத்தில் அதைவிட மெல்லிசு என்று கோணலாக இருப்பதே நல்லது. பட்டையை உரித்துத் தின்பது அவற்றுக்கு நல்ல பொழுதுபோக்கும்கூட. அரளி, எருக்கு, கள்ளி மட்டும் கிட்டவே வரக் கூடாது, விஷம்.

இரண்டே குச்சி, இரண்டு கோடியிலும். வால் கம்பியில் உரசாதபடி நாலைந்து இஞ்ச் தள்ளிப் போடுங்கள், நடுவில் பறக்க விடுங்கள். அழகாக இருக்கிறதே என்று ஊஞ்சலும் ஏணியும் அடைத்தால் 3 அடி நீளத்துக்குக் கொடுத்த காசு வீண். குச்சிக்கு நேர் கீழே தீனியோ தண்ணீரோ வைக்காதீர்கள். கொட்டாங்கச்சி நல்ல தீனிக் கிண்ணம். கடிக்கத் தென்னங்கீற்றும் பனையோலையும், சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை எனப்படும் கணவாய் ஓடு ஒன்று. நைலான் நூல், பிரியும் துணி, இரண்டும் காலைச் சுற்றி இறுக்கும், உள்ளே வைக்க வேண்டாம்.

பானையைப் பற்றி. நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்றால் வாயில் ஓட்டை போட்ட மண்பானையும் சேர்ந்தே வரும். தூங்குவதற்கு என்று நினைத்து மாட்டுகிறார்கள். அது முட்டையிடும் இடம். பானையைப் பார்த்தால் அடுத்தடுத்து முட்டையிட்டுப் பெண் பறவை இளைத்துப்போகும். குஞ்சு வேண்டாம் என்றால் பானையும் வேண்டாம். இரண்டு ஜோடி வைத்துக் குஞ்சும் எடுக்க விரும்பினால் மூன்று பானை, மூன்றும் ஒரே உயரத்தில். உயரமான பானைக்கு ரத்தம் வரச் சண்டை போடும்.

எங்கே வைப்பது?

சமையலறையில் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் மறந்துவிட்டு அது மிதமிஞ்சிச் சூடேறினால், அந்தப் பூச்சிலிருந்து வரும் புகை நமக்குத் தெரியக்கூட இல்லாமல் பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். பறவையின் நுரையீரல் அவ்வளவு நுட்பமானது. கொசுவத்தி, லிக்விடேட்டர், சாம்பிராணிப் புகை, பாச்சை உருண்டை, எதுவும் அந்த அறையில் கூடாது. தீபாவளி இரண்டு நாளும் உள்ளறைக்கு மாற்றி, பருத்தித் துணியால் மூன்று பக்கம் மூடிவிடுங்கள்.

காலை வெயில் படும், மதிய வெயில் படாத, ஒரு பக்கமாவது சுவரை ஒட்டிய இடம் நல்லது. தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வைகாசியில் வைக்காதீர்கள். வாயைத் திறந்து சிறகைத் தூக்கிக்கொண்டு நின்றால் வெப்பம் தாங்கவில்லை என்று பொருள். ஐப்பசி மழைக்குச் சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய் இறக்குங்கள்.

எறும்புக்கு நம் பாட்டிமார் பலகார அலமாரிக்குச் செய்ததுதான் வழி: மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது. கொசு முட்டையிடாமல் இருக்க அதில் ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள். எறும்பு சாக்பீஸ் விஷம், அது வேண்டாம். பெரிய எலியையும் பெரும்பாலான பாம்புகளையும் அரை இஞ்ச் வலை நிறுத்தும். சுண்டெலி அதிலும் நுழையும், ஆகையால் ராத்திரி தீனியை எடுத்துவிடுங்கள், சிந்தியதைப் பெருக்கிவிடுங்கள். பூனை உள்ளே வராது, ஆனால் கம்பியில் தொற்றியிருக்கும் பறவையின் விரலை வெளியிலிருந்தே கவ்விவிடும். காக்கையும் கொத்தும். பூனை நடமாட்டம் உள்ள வீடு என்றால் இரண்டு இஞ்ச் தள்ளி வெளியே இன்னொரு வலை கட்டாமல் பால்கனியில் விடாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். வாங்கிய கூண்டோ செய்த கூண்டோ, பழைய காட்டன் சாக்ஸ் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளே விட்டு, மூலைகள், கதவு விளிம்பு, மேல் மடிப்பு, அடிப்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள். நூல் எங்கே இழுபடுகிறதோ அங்கே ஒரு முனை இருக்கிறது. ராவுங்கள், மறுபடி தடவுங்கள். சாக்ஸ் எங்கேயும் சிக்காமல் ஒரு சுற்று முழுதாக வந்த பிறகு பறவை வாங்கக் கிளம்புங்கள்.